ஒப்புக்கொடுத்த பிள்ளையைத் திருப்பிக் கேட்டேன்

1

சாட்சி சொல்வதில் எனக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. ரொறன்ரோவில் எங்கள் தமிழ்ச் சபையில் வருடத்தில் ஒரு ஞாயிறை ஊழியங்களுக்கென்று ஒதுக்குவார்கள். அன்று யாராவது ஒருவர் எழுந்து தன் வாழ்க்கையில் கர்த்தர் செய்ததைச் சொல்ல வேண்டும். யாராவது ஒருவர் என்பது சும்மா பேச்சுக்கு. பல வருடமாக அது நான்தான். என் கணவர் அருளும் நானும் கொழும்பில் கொட்டாஞ்சேனை மிஷன் வீட்டில் வருடக்கணக்காக ஊழியம் செய்துவிட்டு வந்தவர்கள். சண்டைக் காலத்துக் கதை வேறு. விடுவார்களா?

எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினால் பின்வரிசையில் கைக்குட்டை வெளியே வரும் என்பது எனக்கு மனப்பாடம். சனம் அழும். பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பிறகு எல்லாரும் கீழ்த்தளத்துக்குப் போய் மட்டன் றோல்ஸும் தேத்தண்ணியும் எடுத்துக்கொண்டு, "அக்கா, இண்டைக்கு நெஞ்சைத் தொட்டுட்டீங்கள்" என்பார்கள். நானும் எல்லாம் அவருடைய கிருபை என்று சொல்லிக்கொண்டே இரண்டாவது றோல்ஸை எடுப்பேன்.

நாங்கள் இங்கே வந்து பதினெட்டு வருடம் முடிந்தது போன மாதம். அதே மாதம் வந்த ஊழிய ஞாயிறுக்கும் வழக்கம் போல் என்னைக் கேட்டார்கள். நான் மாட்டேன் என்றேன். காரணம் கேட்டவர்களுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தேன். இங்கே உண்மையைச் சொன்னால், "அப்பிடி எல்லாம் நினைக்காதீங்கோ அக்கா, தாய் மனம்தானே" என்று ஒரே நிமிடத்தில் மன்னித்து அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த மன்னிப்பு வேண்டாம். அதனால்தான் ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். உங்களில் சிலருக்குக் கொட்டாஞ்சேனையும் தெரியும், ஆஸ்பத்திரிக்குப் போகும் அந்தக் காலைப் பேருந்துகளும் தெரியும். நீங்கள் இலேசில் மன்னிக்கமாட்டீர்கள்.

2

மிஷன் வீடு கோயிலுக்குப் பின்னால் ஒரு ஒழுங்கைக்குள் இருந்தது. வடக்கிலிருந்து வைத்தியத்துக்கு வருபவர்கள், பிடிபட்ட பிள்ளையைத் தேடி வரும் தாய்மார், ஒருவரையும் தெரியாமல் பேருந்து நிலையத்தில் நின்றவர்கள் எல்லாரும் அங்கேதான் வந்து சேருவார்கள். வடக்கிலிருந்து வந்து தங்குபவர்கள் பதியாவிட்டால் பிடித்துவிடுவார்கள் என்பதால், அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பொலிசில் பதியவேண்டும். களுபோவில ஆஸ்பத்திரியில் துணைக்கு ஆளில்லாமல் படுத்திருப்பவர்களுக்குக் காலையில் சுடுதண்ணியும் சாப்பாடும் கொண்டுபோக வேண்டும். மேல் துடைத்துவிட வேண்டும். நோயாளிக்குச் சிங்களம் தெரியாது, தாதிக்குத் தமிழ் தெரியாது, நடுவில் நின்று கதைக்க வேண்டும். துண்டு வெட்டி வீட்டுக்கு விட்டதும் வெள்ளவத்தையில் அவர்கள் தங்கியிருக்கும் லொட்ஜ் வரைக்கும் கொண்டுபோய் விடவேண்டும்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஊழியத்துக்கு வருபவர் யாராக இருந்தாலும் முதல் மூன்று மாதம் கழிவறை கழுவ வேண்டும். பாட்டு நடத்துவது, ஜெபிப்பது, புத்தி சொல்வது ஒன்றும் கிடையாது. நான் யாழ்ப்பாணத்தில் படித்து, பாடகர் குழுவில் முன்வரிசையில் நின்று பாடியவள். ஆர்மோனியத்தைத் தேடிக்கொண்டு வந்தவளின் கையில் தும்புத்தடியைக் கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

கட்டவிடாமல் சிரிக்க வைத்தவள் தெரேசா. ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, புருஷனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்ததால் கொட்டாஞ்சேனைக்கு வந்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். "என்னாக்கா, பாட்டு வராம மூஞ்சி இப்பிடி வீங்கிப் போச்சு? உள்ளுக்க போயிப் பாடுங்க. அங்க எதிரொலி நல்லா கேக்கும்" என்றாள். உள்ளே போய்ப் பாடினேன். நன்றாகத்தான் கேட்டது.

எங்கள் இருவருக்கும் ஒரே வருடம் பெண் பிள்ளை பிறந்தது. என்னுடையவள் அனித்தா, அவளுடையவள் மேரி. இரண்டும் மிஷன் வீட்டில் ஒரே பாயில் படுத்து, ஒரே கோப்பையில் பிசைந்த சோறு தின்று வளர்ந்ததுகள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரேசா பார்ப்பாள், அவள் போனால் நான் பார்ப்பேன். எது யாருடைய பிள்ளை என்று வந்துபோகிறவர்களுக்குத் தெரியாது.

பிறகு ஒரு சுற்றிவளைப்பில் இராணுவத்தினர் அருளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சில நாட்களில் விட்டுவிட்டார்கள். வந்தவர் கதைக்கவில்லை. கனடாவில் இருந்த அவருடைய அண்ணா விசா அலுவல் பார்த்தார். அனித்தாவுக்கு ஐந்து வயது நடக்கும்போது வெளிக்கிட்டோம். எங்கள் பெட்டியைத் தலையில் வைத்து வாகனம் வரைக்கும் தூக்கி வந்தவள் தெரேசா. மேரி அவளுடைய சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றது.

சாட்சியில் நான் இந்த இடத்துக்கு வரும்போது, "கர்த்தர் வழியைத் திறந்தார்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவேன். பயந்து ஓடிவந்தோம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. கழிவறைக் கதைக்குச் சனம் சிரிக்கும், ஆஸ்பத்திரிக் கதைக்கு அழும், இந்த வசனத்துக்கு அல்லேலூயா சொல்லும். முன்வரிசையில் இருந்து ஒவ்வொரு வருடமும் இதையெல்லாம் வாயைத் திறந்தபடி கேட்டு வளர்ந்தவள் என் மகள்.

3

இங்கே எங்களைப் போன்ற தாய்தகப்பனுக்கு உள்ள கவலை உங்களுக்குத் தெரியும். பிள்ளை கோயிலுக்கு வராது, தமிழ் கதைக்காது, யாரையோ கூட்டிக்கொண்டு வந்து நிற்கும். அனித்தாவுக்கு அப்படி ஒன்றும் நடந்துவிடக்கூடாது என்று நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. சாட்சி சொல்லிச் சொல்லியே பிள்ளையைப் பிடித்து வைத்திருந்தேன். மற்றப் பிள்ளைகளுக்குத் தாய்மார் ஊர்க்கதை சொன்னார்கள். ஊர்க்கதை என்றால் பயமும் இருக்கும், பொய்யும் இருக்கும், கோள்மூட்டலும் இருக்கும். நான் சொன்னதில் அதெல்லாம் சீவி எடுத்துவிட்டேன். அது எங்களைப் போல ஊழியம் செய்த குடும்பங்கள் விடுகிற பிழை.

படிப்பு முடிந்த வருடம் ஒருநாள் பின்னேரம், சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, நான் கொட்டாஞ்சேனைக்குப் போகப் போறன். ஒரு வருஷம். நீங்க செய்த அதே ஊழியம்."

"இப்பவா? அங்க திரும்பச் சண்டை தொடங்கிட்டுது, பிள்ளை. வானில ஆக்களைத் தூக்கிக்கொண்டு போறாங்களாம்."

"நீங்களும் சண்டைக்குள்ளதானே செய்தனீங்கள்?"

வாயில் சோறு இருந்தது நல்லதாகப் போயிற்று. அருளைப் பார்த்தேன். அந்த மனுஷன் தன் சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

போவதற்கு இங்கத்தைய பொலிசின் நற்சான்று வேண்டும் என்றார்கள். விரலடையாளம் சரியாகப் பதியவில்லை என்று ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள். அன்று நான் கேக் வெட்டாத குறை. கர்த்தாவே, இந்தக் கடுதாசி தபாலில் தொலைந்து போகட்டும் என்று மனதாரக் கேட்டேன். அங்கே அவர் ஊழியத்துக்குப் பிள்ளையைக் கூப்பிடுகிறார், இங்கே நான் அவரிடமே தடுக்கச் சொல்கிறேன். கடுதாசி வந்து சேர்ந்தது.

எங்கள் சபையில் யாராவது ஊழியத்துக்குப் புறப்பட்டால் தாய்தகப்பனை முன்னுக்குக் கூப்பிடுவார்கள். பாஸ்டர் எல்லாருக்கும் முன்னால் கேட்பார்: "இந்தப் பிள்ளையைக் கர்த்தருடைய ஊழியத்துக்கு முழு மனதோடு ஒப்புக்கொடுக்கிறீர்களா?" நான் போட்டிருந்தது மெரூன் காஞ்சிபுரம். "ஒப்புக்கொடுக்கிறோம்" என்று பாடகர் குழுக் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். அனித்தா என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த நிமிடமே நான் யோசித்தது, எந்த விமானத்தில் போய் இவளைத் திருப்பிக் கூட்டிவரலாம் என்றுதான்.

4

நான்கு மாதம் பொறுத்தேன். பிறகு, சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி விமானம் ஏறினேன்.

வெள்ளவத்தையில் அருளின் உறவுக்காரர் வீட்டில் தங்கினேன். அடுத்த நாளே பொலிசில் பதியப் போனோம். கனடாப் பாஸ்போட்டைக் கண்டதும் அந்த உத்தியோகத்தர், "வாடிவென்ன, மிஸ்" என்று கதிரையைக் காட்டினார். கிளிநொச்சியிலிருந்து வந்த ஒரு அம்மா எனக்கு முன்பே வந்து நின்றவ. அவ நின்றபடியே நின்றா. நான் கதிரையில் இருந்தேன். கால் உளைந்தது, இருந்தேன். இதுவும் சாட்சியில் சேர்க்கக்கூடிய சங்கதி இல்லை.

காலி வீதியில் ஒவ்வொரு சோதனைத் தடையிலும் ஓட்டோவை நிறுத்தி நிறுத்தி ஒருவழியாகக் கொட்டாஞ்சேனைக்குப் போய்ச் சேர்ந்தேன். மிஷன் வீட்டுக்கு இப்போது பொறுப்பு தெரேசாதான். தலை நரைத்திருந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது. அனித்தா ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். கறுத்து, மெலிந்து, தலையை இறுக்கிப் பின்னிக் கட்டியிருந்தாள். வீட்டில் தான் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாத பிள்ளை, மூன்று மாதம் கழிவறை கழுவி முடித்ததைப் பரீட்சை பாஸ் பண்ணியது போல் சொன்னாள். அவளுடைய தமிழில் மரியாதைப் பன்மை இன்னும் இடைக்கிடை சறுக்கும். முற்றத்தில் இருந்த கிழவரிடம், "நீ சாப்பிட்டியா?" என்றாள். அவர் சிரித்துக்கொண்டு, "ஓம் ராசாத்தி, சாப்பிட்டனான்" என்றார். என் பிள்ளை சந்தோஷமாக இருந்தாள். அதைக் கண்ணால் கண்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது நானும் தெரேசாவும் தனியே இருந்தோம்.

"என்னாக்கா, சோறு எறங்கலியா?"

"தெரேசா, அனித்தாவை அனுப்பிவிடு. நான் சொன்னாக் கேக்கமாட்டாள். நீ சொன்னாக் கேப்பாள்."

அவள் ஏன் என்று கேட்கவில்லை.

"அனுப்பலாம்க்கா. நீங்க பெத்த தாயி. ஆனா ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரி வேலைய நிப்பாட்ட ஏலாது. அனித்தா போனா மேரிதான் போகணும். வேற ஆளு இல்ல."

"முந்தி மேரிதானே போனது?"

"போனிச்சுதான். ஒருநாளு ஒரு நோயாளிப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு லொட்ஜுக்குப் போகயில புடிச்சுட்டாங்க. ஹட்டன் குடும்பத்துப் பொண்ணுக்கு யாழ்ப்பாணத்து ஆளோட இங்க என்னா வேலைன்னு கேட்டு ஒரு பகல் முழுக்க வச்சிருந்தாங்க. நான் போயி அழுது கூட்டிட்டு வந்தேன். அதுக்குப் பொறகு அனித்தாதான் போகுது. அந்த கனடாப் பாஸ்போட்டக் காட்டி இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த பேசினா விட்டுர்றாங்க. கூட வாற சனத்தையும் விட்டுர்றாங்க."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. எனக்கும் அந்த இடத்திலேயே தெரிந்தது. விளங்காமல் சொன்னேன் என்று தப்பிக்க வழியில்லை.

"விளங்குது தெரேசா. எண்டாலும் அனுப்பு. நான் கேட்டதெண்டு மட்டும் அவளுக்குச் சொல்லாதை."

"சரிக்கா" என்றாள். கோபமில்லை, பெருமூச்சுகூட இல்லை. என் கோப்பையையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.

அன்று பின்னேரம் அவள் அனித்தாவைக் கூப்பிட்டு, இனி ஆள் தேவையில்லை, அம்மாவோடு போகலாம் என்று சொன்னாள். நான் பக்கத்து அறையில் பெட்டிக்குள் எதையோ தேடுவது போல் குனிந்துகொண்டு நின்றேன்.

5

விமானத்தில் அனித்தா ஒன்றும் சாப்பிடவில்லை. ஒரேயொரு தடவை கேட்டாள்.

"அம்மா, நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒரு பிழையும் இல்லை, பிள்ளை."

"இல்லை. ஏதோ விட்டிருக்கிறன். பாஸ்போட்டைக் காட்டிக் காட்டிப் பெருமைப்பட்டிட்டன் போல. தெரேசா அன்ரி அதைக் கண்டுட்டா."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தேன்.

வீட்டுக்கு வந்தபின் பிள்ளை வேலைக்கும் மனுப்போடவில்லை, சிநேகிதிகளையும் பார்க்கவில்லை. பெருமையை அடக்க வேண்டும் என்று தனக்குத்தானே தண்டனை வைத்துக்கொண்டு, எங்கள் வீட்டுக் கழிவறையைக் கழுவத் தொடங்கினாள். காலையில் ஒருமுறை, பின்னேரம் ஒருமுறை. கை தோலுரிந்து போயிருந்தது. கையுறை வாங்கிக் கொடுத்தேன். பாருங்கள் என் உதவியை.

அருள் ஒருநாள் காருக்குள் வைத்துக் கேட்டார். "நீதானே?"

"ஓம்."

அவர் ஸ்ரியறிங்கில் நெற்றியை வைத்தார். "நான் கேக்கப் பயந்ததை நீ கேட்டுட்டாய்" என்றார். ஏசுவார் என்று நினைத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

6

ஒரு சனிக்கிழமை காலை. நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அனித்தா குசினி மேசையில் இருந்து தெரேசாவுக்குப் போன் அடித்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"தெரேசா அன்ரி, நான் என்ன பிழை விட்டனோ தெரியாது. என்ன எண்டாலும் என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"ஐயோ பிள்ள, நீ ஒரு தப்பும் பண்ணல. இங்க ஆளு கூடிப்போச்சு, அதான்."

தெரேசா பொய் சொல்லி நான் கேட்டதில்லை. பிடிபட்ட மேரியை மீட்கக்கூட உண்மையைச் சொல்லி அழுதுதான் மீட்டவள். எனக்காகச் சொல்கிறாள்.

"அப்ப மேரிக்கு ரெஸ்ட்தானே? மேரியிட்டக் குடுங்கோ, கதைப்பம்."

"அது இன்னும் வரல பிள்ள. களுபோவிலக்குப் போச்சு. வந்துரும்" என்றாள். குரல் தெரேசாவுடையது மாதிரி இல்லை.

அனித்தா அடுப்பில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தாள். "அங்க இப்ப இருட்டு" என்றாள். யாருக்குச் சொன்னாளோ தெரியாது. "ஆள் கூடிப்போச்செண்டா மேரி ஏன் தனிய போறா?"

அனித்தா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். நான் குழாயைப் பூட்டினேன்.

"நான்தான் கேட்டனான்" என்றேன். "மேரிதான் போகோணும் எண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டனான்."

"விடுங்கக்கா, பிள்ளைகிட்ட எதுக்கு இதெல்லாம்?" என்றது போன். "மேரி வந்ததும் நான் எடுக்குறேன்."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போயிற்று என்று சொல்லத் தெரியாது. நானும் மகளும் மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்தோம். மீன் அப்படியே கிடந்தது. மேரி வரவேண்டும், மேரி வந்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்குள் வேறொன்றும் இல்லை. பாயில் படுத்திருந்த குழந்தையின் முகம்தான் வந்தது. இப்போது அவள் எப்படி இருப்பாள் என்றுகூட எனக்குத் தெரியாது. கொழும்பில் இரண்டு வாரம் இருந்தேன். மேரியின் முகத்தைப் பார்க்கக் கூசி, அவள் இருக்கும் பக்கமே போகாமல் தவிர்த்தேன்.

போன் அடித்தது. வழியில் சோதனை என்று பேருந்தை மறித்து வைத்திருந்தார்களாம். மேரி வந்துவிட்டாள், சாப்பிடுகிறாள்.

அனித்தா மேசையில் தலையை வைத்து அழுதாள். முதுகில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. அழுது முடித்து நிமிர்ந்து சொன்னாள்:

"நான் திரும்பிப் போறன். இந்த முறை சபையில முன்னுக்கு வந்து நிக்க வேண்டாம், அம்மா."

அவள் போய் இப்போது இரண்டு மாதம். காலையில் இரண்டு பிள்ளைகளும் சேர்ந்துதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்களாம். தெரேசா இப்போதும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுகிறாள். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்ததாகச் செய்தி வந்தால் அருளும் நானும் போனுக்குச் சண்டை பிடிக்கிறோம்.

கழிவறை கழுவுவதுதான் தாழ்மை என்று இத்தனை வருடம் சபையில் சொல்லி வந்தேன். அது இலகுவான வேலை. மூன்று மாதத்தில் பழகிவிடும். தெரேசாவின் பிள்ளையும் என் பிள்ளையும் ஒன்று என்று நினைக்கும் வேலை இந்த வயதிலும் எனக்குக் கைகூடவில்லை. அதனால் ஒரு பழக்கம் தொடங்கியிருக்கிறேன். ஜெபிக்கும்போது மேரியின் பெயரை முதலில் சொல்ல வேண்டும், அனித்தாவின் பெயரைப் பிறகுதான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு காலையும் முழங்கால் போட்டு அப்படித்தான் தொடங்கப் பார்க்கிறேன். இன்று காலையும் அனித்தா என்றுதான் வாயில் வந்தது.